கருத்தடை மாத்திரையும் ஊசியும்: எடையைக் குறைக்க முயலும் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் உடம்பு போட்டுவிடும் என்று அக்கா சொல்லியோ பக்கத்து வீட்டுப் பெண் சொல்லியோ கேட்காதவர்கள் நம்மிடையே குறைவு. அந்தப் பேச்சில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. ஆனால் அது எந்த முறைக்குப் பொருந்தும் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அதனால் எடையைக் கூட்டாத மாத்திரையை ஒரு பெண் பயந்து பாதியில் நிறுத்திவிட்டு, வேண்டாத நேரத்தில் கருவுற்று நிற்கிறாள். எடையை உண்மையாகவே கூட்டக்கூடிய ஊசியைப் போட்டுக்கொள்ளும் இன்னொரு பெண், தனக்கு வாயைக் கட்டத் தெரியவில்லை என்று தன்னையே நொந்துகொள்கிறாள். எடையைக் குறைக்கும் முயற்சியில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டு துன்பங்களும் தேவையற்றவை.

ஆகவே, முதலும் பெரியதுமான தவறு எல்லாவற்றையும் 'ஹார்மோன்' என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுவதுதான். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் வகையைச் சேர்ந்த எத்தினில் எஸ்ட்ராடியால் 0.03 மில்லிகிராமும், புரோஜெஸ்டின் வகையைச் சேர்ந்த லெவோநார்ஜெஸ்ட்ரெல் 0.15 மில்லிகிராமும் உள்ளன. அரசின் அந்தரா கருத்தடைத் திட்டத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடப்படும் ஊசியில் ஈஸ்ட்ரோஜன் கிடையாது. மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரான் என்ற மருந்து மட்டும் 150 மில்லிகிராம் இருக்கிறது. கருப்பைக்குள் வைக்கப்படும் ஹார்மோன் சாதனம் இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. காப்பர்-டியில் ஹார்மோனே இல்லை. உடலில் இவை ஒவ்வொன்றும் நடந்துகொள்ளும் விதம் வேறு. ஆகவே நாம் எதைப் பயன்படுத்துகிறோம் என்று பெயர் சொல்லத் தெரியாத நிலையில், எடை ஏன் குறையவில்லை என்ற கேள்விக்கு விடை தேடவே முடியாது.

மாத்திரையின் மீதான அச்சத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1960-இல் அமெரிக்காவில் கருத்தடைக்கென்று ஒப்புதல் பெற்ற முதல் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜனின் அளவு 150 மைக்ரோகிராம். இன்றைய மாத்திரைகளில் அது பெரும்பாலும் 20 முதல் 35 மைக்ரோகிராம் வரைதான். அன்றைய பெண்கள் அனுபவித்த உடல் உப்பலும் குமட்டலும் வாய்வழியாகத் தலைமுறை தாண்டி வந்துவிட்டன. மருந்தின் அளவு குறைந்த செய்தி கூடவே வரவில்லை. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை, ஒட்டுப்பட்டை போன்றவற்றைப் பற்றிய 49 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2014-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வு, இவற்றால் எடையில் பெரிய மாற்றம் ஏற்படுவதாகத் தெரியவில்லை என்றே முடிவு கூறியது. ஒவ்வொரு பெண்ணின் உடலும் ஒரே மாதிரி நடக்கும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். ஆனால் மாத்திரை தொடங்கிய ஆண்டில் ஆறேழு கிலோ ஏறியிருந்தால், மாத்திரையைத் தவிர வேறு காரணங்களையும் தேடிப் பார்ப்பதுதான் நியாயம். திருமணம், பிரசவம், வேலையை விட்டு வீட்டிலிருப்பது, உறக்கம் கெடுவது ஆகியவை பெரும்பாலும் மாத்திரை தொடங்கும் அதே காலத்தில்தான் வருகின்றன.

அடுத்த தவறு, முதல் இரண்டு மூன்று மாதங்களில் எடை இயந்திரம் காட்டும் எண்ணைக் கொழுப்பு என்று எடுத்துக்கொள்வது. ஈஸ்ட்ரோஜன் கல்லீரலைத் தூண்டி ஆஞ்சியோடென்சினோஜன் என்ற புரதத்தை அதிகமாகச் சுரக்கச் செய்கிறது. அதன் தொடர்ச்சியாகச் சிறுநீரகம் உப்பையும் நீரையும் சற்றுக் கூடுதலாகத் தேக்கிவைக்கிறது. மோதிரம் இறுகுவதும், மார்பு கனப்பதும், எடை ஒரு கிலோ அளவுக்குக் கூடுவதும் இதனால்தான். பெரும்பாலானவர்களுக்கு இது சில மாதங்களில் தணிந்துவிடும். இந்த நீரைக் கொழுப்பென்று எண்ணி உணவைப் பாதியாகக் குறைப்பவர்கள் களைத்துப்போய் முயற்சியையே கைவிடுகிறார்கள். மாத்திரை அட்டையில் ஒரு குறிப்பிட்ட நாளை வைத்துக்கொண்டு, மாதந்தோறும் அதே நாளில் காலை வெறும் வயிற்றில் எடை பார்த்து, கூடவே இடுப்பின் சுற்றளவையும் நாடாவால் அளந்து வந்தால் உண்மை நிலை தெரியும். இந்தியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனம் தேவை என்றும், உடல் நிறைக் குறியீடு 23-ஐத் தொட்டாலே எடை மிகுதி என்றும் மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள்.

நம் ஊரில் பலரும் கருத்தடையோடு சேர்த்து எண்ணாத இன்னொரு ஹார்மோன் மாத்திரையும் இருக்கிறது. கோயில் திருவிழா, திருமணம், சபரிமலைக்குச் செல்லும் வீட்டாரின் விரத நாட்கள் ஆகியவற்றை முன்னிட்டு மாதவிலக்கைத் தள்ளிப்போடுவதற்காகக் கடையில் வாங்கிச் சாப்பிடப்படும் நார்எத்திஸ்டிரோன்தான் அது. வழக்கமாக 5 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு மூன்று வேளை எடுக்கப்படும் இந்த மாத்திரையால் வயிறு உப்பி, எடை தற்காலிகமாகக் கூடலாம். அந்த வாரத்து எடையை வைத்து உணவுக் கட்டுப்பாடு பலிக்கவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. அதைவிட முக்கியமாக, இப்படிச் சாப்பிடும் மாத்திரை கருத்தடைக்கானதன்று. அந்த நாட்களில் அதை நம்பியிருக்கக் கூடாது. கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

ஊசி விஷயம் வேறு

மூன்று மாத ஊசியைப் பற்றி நேர்மையாகப் பேச வேண்டும். இங்கே எடை கூடும் என்ற பேச்சுக்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் பெண்களை மூன்று ஆண்டுகள் கவனித்து 2009-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குச் சராசரியாக 5.1 கிலோ கூடியிருந்தது. அதில் பெரும்பகுதி கொழுப்பு. அதே ஆய்வில் மாத்திரை எடுத்தவர்களுக்கு, ஹார்மோன் எதுவும் பயன்படுத்தாதவர்களைவிட அதிகமாக எடை கூடவில்லை. பருவ வயதுப் பெண்களிடம் நடந்த மற்றோர் அமெரிக்க ஆய்வின் முடிவு இன்னும் கவலை தருவது. தொடக்கத்திலேயே உடல் பருமன் உள்ளவர்களுக்கு 18 மாதங்களில் ஊசியால் 9.4 கிலோ கூடியது. மாத்திரை எடுத்த பருமனான பெண்களுக்கு 0.2 கிலோதான் கூடியது.

சராசரி என்பது பல உண்மைகளை மறைக்கும். ஊசி போட்டுக்கொள்ளும் எல்லோருக்கும் எடை ஏறுவதில்லை. சிலருக்கு ஏறவே ஏறாது, சிலருக்கோ வேகமாக ஏறும். யாருக்கு ஏறப்போகிறது என்பதை ஓரளவு முன்கூட்டியே அறியும் வழியும் தெரிந்திருக்கிறது. முதல் ஆறு மாதங்களில், அதாவது இரண்டு ஊசிகளுக்குள், எடை 5 சதவீதத்துக்கு மேல் கூடியவர்களுக்குத்தான் பின்னும் தொடர்ந்து கூடுகிறது. மூன்றாண்டு முடிவில் அப்படிப்பட்டவர்களுக்குச் சராசரியாக 11 கிலோவும், மற்றவர்களுக்கு இரண்டரை கிலோ அளவும் கூடியிருந்தன. 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 5 சதவீதம் என்பது 3 கிலோ. முதல் ஊசிக்கு முன் எடையைப் பார்த்து எழுதி வைக்காமல் போவதை அதனால்தான் நான் பெரிய தவறாகக் கருதுகிறேன். இரண்டாவது ஊசிக்கும் மூன்றாவது ஊசிக்கும் போகும்போது எடை பார்க்கச் சொல்லி, அந்த எண்ணை ஊசி அட்டையிலேயே ஓர் ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம். 63 கிலோவைத் தாண்டிவிட்டதென்றால், அடுத்த ஊசிக்கு முன்பே வேறு முறையைப் பற்றிச் செவிலியரிடமோ மருத்துவரிடமோ பேச வேண்டும்.

மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரான் பசியைத் தூண்டக்கூடிய மருந்து. இதே மருந்து அதிக அளவில், புற்றுநோயால் பசியற்றுப்போன நோயாளிகளுக்குப் பசி உண்டாக்கக் கொடுக்கப்பட்டதுண்டு. ஆகவே ஊசி போட்ட பிறகு நள்ளிரவில் பசிக்கிறது, சாப்பிட்ட சிறிது நேரத்தில் மறுபடி கை பாத்திரத்தைத் தேடுகிறது என்று ஒரு பெண் சொன்னால், அதை மனக்கட்டுப்பாட்டுக் குறைவு என்று வீட்டார் பேசுவது கொடுமை. அந்தப் பெண்ணுக்குத் தேவைப்படுவது அறிவுரையைவிட மாற்று முறைதான்.

ஊசியை நிறுத்தியவுடன் எடை இறங்கிவிடும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. ஒருமுறை போட்ட மருந்தை உடலிலிருந்து எடுக்க முடியாது. கடைசி ஊசிக்குப் பிறகு மீண்டும் கருத்தரிக்கச் சராசரியாக ஒன்பது, பத்து மாதங்கள் ஆகின்றன என்பதிலிருந்தே அதன் தாக்கம் எவ்வளவு மெதுவாக விலகுகிறது என்பதை உணரலாம். ஆனால் சிலருக்கு அதற்கு முன்பே கருமுட்டை வெளிப்பட்டுவிடும். எனவே ஊசியின் காலம் முடிந்த நாளிலிருந்தே வேறு பாதுகாப்பு இருக்க வேண்டும்.

நீர்க்கட்டி உள்ளவர்களின் எதிர்பார்ப்பு

சினைப்பை நீர்க்கட்டிக்காக மாத்திரை எழுதிக் கொடுக்கப்பட்ட பெண்கள் இதற்கு நேர்மாறான தவறைச் செய்கிறார்கள். மாத்திரை மாதவிடாயை ஒழுங்குபடுத்தும், முகத்தில் முடி வளர்வதையும் பருக்களையும் குறைக்கும். ஆனால் எடை ஏற்றத்தோடு பின்னிக் கிடக்கும் இன்சுலின் எதிர்ப்பு நிலையை அது சரிசெய்யாது. மாதாமாதம் இரத்தப்போக்கு வருகிறது என்பதால் நோய் தீர்ந்துவிட்டதாக எண்ணி நடையையும் உணவு மாற்றத்தையும் விட்டுவிட்டால், மாத்திரையை நிறுத்திய சில மாதங்களில் பழைய நிலை திரும்புகிறது. தைராய்டு மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையால் இரத்தத்தில் தைராய்டு ஹார்மோனைச் சுமக்கும் புரதம் கூடும், தைராக்சின் அளவைச் சிலருக்கு மாற்ற வேண்டிவரும். மாத்திரை தொடங்கிய ஆறு முதல் எட்டு வாரங்களில் தைராய்டு நிலையைக் காட்டும் டிஎஸ்எச் இரத்தப் பரிசோதனை செய்யாமல், எடை குறையாததற்குக் கருத்தடை மாத்திரையைக் குறைகூறுவது பொருத்தமற்றது.

எடைக் குறைப்பு கருத்தடையைக் கெடுக்கும்போது

இதுவரை சொன்னதெல்லாம் கருத்தடை எடையை என்ன செய்யும் என்பது. எடைக் குறைப்பு கருத்தடையை என்ன செய்யும் என்பதைக் கிட்டத்தட்ட யாருமே கேட்பதில்லை. என் பார்வையில் ஆபத்து மிகுந்தது இந்தப் பக்கம்தான்.

2025 மார்ச்சில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த, எடையைக் குறைக்கும் மவுஞ்சாரோ ஊசியின் மருந்தான டிர்செபடைடு, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. அதனால் வாய்வழிக் கருத்தடை மாத்திரை உடலில் சேரும் அளவு குறைகிறது. இந்த மருந்தைத் தொடங்கிய பின் 4 வாரங்களும், ஒவ்வொரு முறை அளவைக் கூட்டிய பின் 4 வாரங்களும் ஆணுறை போன்ற கூடுதல் பாதுகாப்பு வேண்டும், அல்லது வாய்வழி அல்லாத முறைக்கு மாற வேண்டும் என்று மருந்துக் குறிப்பே கூறுகிறது. அளவு பொதுவாக நான்கு வாரத்துக்கு ஒருமுறை கூட்டப்படுவதால், தொடக்க மாதங்கள் முழுவதும் மாத்திரையை மட்டும் நம்ப முடியாது என்பதே இதன் நடைமுறைப் பொருள். எடையைக் குறைக்கத் தரப்படும் இன்னொரு மருந்தான செமாகுளுடைடுக்கு இத்தகைய பாதிப்பு காணப்படவில்லை. ஆனால் இரண்டிலும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். மாத்திரை விழுங்கிய 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் உடனே இன்னொன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். எடை குறையக் குறைய, நின்றுபோயிருந்த கருமுட்டை வெளிப்பாடு மீண்டும் தொடங்கும் என்பதையும், இந்த மருந்துகள் கர்ப்ப காலத்துக்கு உகந்தவையல்ல என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தக் கவனம் எவ்வளவு அவசியம் என்பது புரியும்.

மருந்து மட்டுமல்ல, வயிற்றைக் கழுவுவதாக விற்கப்படும் பேதித் தேநீர்களும், நிலாவரை சேர்ந்த பொடிகளும் கடுமையான வயிற்றுப்போக்கை உண்டாக்கினால் மாத்திரையின் பலன் போய்விடும். இரைப்பையைச் சுருக்கிக் குடலை மாற்றி இணைக்கும் பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் வாய்வழி மாத்திரையை நம்பாமல் வேறு முறைக்கு மாறுவது நல்லது. காலை உணவைத் தவிர்க்கும் விரத முறையில் இறங்கியவர்கள், காலைச் சாப்பாட்டோடு சேர்த்துப் பழகிய மாத்திரையையும் மறந்துவிடுகிறார்கள். கருத்தடை மாத்திரைக்கு உணவு தேவையில்லை, வெறும் வயிற்றிலும் எடுக்கலாம். மாலா-என் அட்டையில் தனி நிறத்தில் இருக்கும் ஏழு மாத்திரைகள் உடம்பு போட வைக்கும் என்று அவற்றை எறிந்துவிடுபவர்களும் உண்டு. அவற்றில் இருப்பது இரும்புச்சத்து, எடைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

உடல் எடை 70 கிலோவுக்கு மேல் உள்ளவர்களுக்கு, லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராம் கொண்ட அவசர மாத்திரையின் பலன் குறையக்கூடும்; ஐந்து நாட்களுக்குள் காப்பர்-டி வைத்துக்கொள்வதே அவர்களுக்கு உறுதியான வழி. எடை அதிகமுள்ளவர்கள் இரத்த அழுத்தம் பார்க்காமல் கடையில் நேராக மாத்திரை வாங்கித் தொடங்குவதையும் தவிர்க்க வேண்டும். ஈஸ்ட்ரோஜனும் உடல் பருமனும் தனித்தனியே இரத்த உறைவுக்கான வாய்ப்பைக் கூட்டுபவை. இரத்த அழுத்தம் 140/90-க்கு மேல் உள்ளவர்களுக்கும், கண்ணில் மின்னல் கோடுகள் தோன்றி ஒற்றைத் தலைவலி வருபவர்களுக்கும் ஈஸ்ட்ரோஜன் இல்லாத முறைகளே ஏற்றவை.

எடைக்காக முறையை மாற்ற வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள், கையிலுள்ள அட்டையைப் பாதியில் எறியாமல், அடுத்த முறை தொடங்கும் நாள்வரை அதைத் தொடர வேண்டும். ஹார்மோனே வேண்டாம் என்பவர்களுக்குக் காப்பர்-டி இருக்கிறது. 380ஏ வகையை ஒருமுறை வைத்தால் பத்து ஆண்டுகள் பலன் தரும். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த, ஸ்டீராய்டு ஹார்மோன் அல்லாத சென்ட்குரோமன் மாத்திரை, சாயா என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தரப்படுகிறது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று என்பது அதன் கணக்கு. ஆனால் சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு அது பரிந்துரைக்கப்படுவதில்லை. அவர்கள் கேட்டுப் பெறுவதற்கு முன் தங்கள் ஸ்கேன் அறிக்கையை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.