ஸ்பேஸ் கேம்ப் பட்டமளிப்புக்குப் போகும் பெற்றோர் அரை நாளாவது ஒதுக்குங்கள்

அமெரிக்காவின் அலபாமாவில் ஹன்ட்ஸ்வில் ஊரில் இருக்கும், பிள்ளைகளுக்கான விண்வெளிப் பயிற்சி முகாமான ஸ்பேஸ் கேம்பில் ஒரு வாரம் தங்கும் பிள்ளைகளுக்கு வழக்கமாக வெள்ளிக்கிழமை காலையில் பட்டமளிப்பு நடக்கும். பெற்றோர் பலர் விழா முடிந்த கையோடு பெட்டியைத் தூக்கி டிக்கியில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. விழா சீக்கிரம் முடிந்துவிடும். அதன்பிறகு பிள்ளை உங்களை இழுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் காட்டுமே, அதற்காகத்தான் நீங்கள் அவ்வளவு தூரம் போகிறீர்கள்.

முதலில் பயணம். எங்களைப் போல அட்லாண்டா பக்கத்திலிருந்து போகிறவர்களுக்குச் சாட்டனூகா வழியானாலும் கண்டர்ஸ்வில் ஏரி வழியானாலும் நாலு மணி நேரம் ஆகும். ஹன்ட்ஸ்வில் மத்திய நேரத்தில் ஓடுகிற ஊர். போகும்போது ஒரு மணி நேரம் லாபம், திரும்பும்போது அதே ஒரு மணி நேரம் நஷ்டம். விடியற்காலையில் எழுந்து ஓடுவதைவிட முந்தின இரவே போய்த் தங்கிவிடுவது நல்லது. ஊரிலிருக்கும் தாத்தா பாட்டிக்கு வீடியோவில் காட்ட நினைத்தால் கோடையில் அங்கே காலை ஒன்பது மணி என்பது இந்தியாவில் இரவு ஏழரை. முன்கூட்டியே சொல்லி வைத்தால் சாப்பாட்டை முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

பிள்ளையின் டீம் பெயரைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். டீம் டீமாகத்தான் மேடைக்குக் கூப்பிடுவார்கள். கூட்டத்தில் பலரும் ஒரே மாதிரி நீல உடையில் இருப்பதால், பெயர் தெரியாவிட்டால் கேமராவைத் தூக்குவதற்குள் உங்கள் பிள்ளை கடந்துபோய்விடும். போட்டோ அடையாள அட்டை கையோடு இருக்கட்டும், பிள்ளையை அழைத்துப்போகும்போது கேட்பார்கள். சில வாரங்களில் ஓய்வுபெற்ற விண்வெளி வீரர்களே வந்து பேசுவார்கள். அந்த நேரத்தில் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். இந்த முகாம் 1982-இல் தொடங்கியது. இங்கே பயிற்சி எடுத்த சிறுமிகளில் ஒருவரான டாட்டி மெட்காஃப்-லிண்டன்பர்கர் 2010-இல் டிஸ்கவரி விண்ணோடத்தில் நிஜமாகவே பறந்தார். பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கதை தெரியும், நமக்கும் தெரிந்திருந்தால் நல்லது.

விருதுகளும் அறிவிப்பார்கள். உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை என்றால், "ஏன் உனக்கு வரல?" என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: "மிஷன்ல உனக்கு என்ன வேலை? என்ன கெட்டுப்போச்சு?"

இதற்குக் காரணம் இருக்கிறது. கடைசி நாட்களில் டீமைப் பிரித்து ஒரு பகுதியை மாதிரி விண்கலத்திலும் இன்னொரு பகுதியைக் கட்டுப்பாட்டு அறையிலும் உட்காரவைத்து முழு மிஷன் ஒன்றை நடத்துவார்கள். பயிற்சியாளர்கள் நடுவில் வேண்டுமென்றே கோளாறுகளை நுழைப்பார்கள். என் மகள் கேப்காம், அதாவது விண்கலத்தோடு பேசுகிறவள். "கேபின் பிரஷர் இறங்குதும்மா. நான் புக்ல பக்கத்தைத் தேடுறதுக்குள்ள இன்னொரு அலாரம். பக்கத்து சீட்ல இருந்தவ பக்க நம்பரைச் சொன்னா, நான் மேல இருக்கிறவங்களுக்கு வாசிச்சேன்." இதைச் சொல்லும்போது அவள் தொண்டை கட்டியிருந்தது, கை மட்டும் காற்றில் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தது. வீட்டில் கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் பதில் சொல்கிற பெண் அவள்.

அப்புறம் முகாம் வளாகத்திலேயே இருக்கும் ராக்கெட் அருங்காட்சியகம். வெளியே நெடுஞ்சாலையிலிருந்தே தெரிகிற சாட்டர்ன் 5-ஐ, அதாவது நிலாவுக்கு மனிதர்களை அனுப்பிய ராக்கெட்டைப் பார்த்து நான் வியந்தபோது, "அது மாடல்மா, அசல் உள்ள படுத்திருக்கு, வா" என்று இழுத்துப்போனாள். டேவிட்சன் மையம் என்ற அருங்காட்சியகக் கூடத்தில் தலைக்கு மேலே கிடக்கிறது, 363 அடி நீளம். உலகில் மிஞ்சியிருக்கும் மூன்று சாட்டர்ன் 5-களில் ஒன்று. இது பறந்ததில்லை, பறக்கும்போது ராக்கெட் எப்படி அதிரும் என்று தரையில் சோதிக்கச் செய்தது. ஐந்து எஞ்சின்கள் இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்கி நுனிவரை பிள்ளை சொல்லச் சொல்ல நடங்கள். தெரிந்த விஷயமாக இருந்தாலும் குறுக்கே பேசாதீர்கள். வாசல் பக்கம் மிஸ் பேக்கரின் கல்லறை இருக்கிறது. 1959-இல் ராக்கெட்டில் போய் உயிரோடு திரும்பி 1984 வரை வாழ்ந்த குட்டிக் குரங்கு. கல்லின் மேல் யாராவது வாழைப்பழம் வைத்திருப்பார்கள். சின்னத் தம்பி தங்கை கூட வந்தால் ஒரு பழம் எடுத்துப்போய் அவர்கள் கையால் வைக்கச் சொல்லுங்கள்.

ஜூன், ஜூலையில் வெயில் கடுமை, மதியத்துக்கு மேல் இடிமழையும் வரும். அதனால் வெளியே நிற்கும் ராக்கெட்டுகளைக் காலையிலேயே பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

கிளம்புமுன், முகாமில் சேரும்போது ஒப்படைத்த மருந்துகளை மறக்காமல் திரும்ப வாங்குங்கள். தங்கும் கட்டடத்தில் கட்டிலுக்கு அடியில் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள், ஒற்றைச் செருப்பும் தண்ணீர் பாட்டிலும் அங்கேதான் கிடக்கும். துணியெல்லாம் ஒரே நாற்றமாக இருக்கும். அதற்குத் தனியாக ஒரு பெரிய பை. ஒரு வாரம் கேன்டீன் சாப்பாடு சாப்பிட்ட பிள்ளைக்குக் கூலரில் தயிர்சாதமும் மாவடுவும் கொண்டுபோங்கள், பார்க்கிங்கிலேயே காலியாகிவிடும்.