வாய்க்காலில் இருந்து சட்டமன்றம் வரை: கடலூர்க்காரர்களுக்கு ஒரு செய்முறை

ஓட்டுப் போட்டதோடு நம் வேலை முடிந்தது, மீதியைக் கட்சிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருப்பவர்கள் அதிகம். எந்தக் கட்சியிலும் சேராமல் ஓர் ஊர்ப் பிரச்சினையைக் கோட்டை வரை கொண்டுபோக வழி இருக்கிறது. கொஞ்சம் காகித வேலை, கொஞ்சம் பொறுமை, கூட நாலு பேர் வேண்டும்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனை ஊரை வைத்துக்கொள்வோம். குறிஞ்சிப்பாடி வட்டத்தில், பரவனாற்றுப் பக்கம். ஐப்பசி மழை வந்தால் வடிகால் அடைத்துக்கொண்டு நெல் வயலில் தண்ணீர் நிற்கிறது. வருஷா வருஷம் இதே கதை.

படி 1: குறையா, கொள்கையா என்று பிரியுங்கள்

"என் வயலில் தண்ணீர் நிற்கிறது" என்பது குறை. "வாய்க்கால் தூர் வாரும் வேலை மழை தொடங்குவதற்கு முன் முடிவதில்லை" என்பது கொள்கைப் பிரச்சினை. முதலாவதற்கு ஒரு அதிகாரி ஒரு ஜேசிபி அனுப்பினால் போதும், அடுத்த வருஷம் மறுபடி நிற்கும். இரண்டாவதற்கு நிதி எப்போது ஒதுக்குகிறார்கள், டெண்டர் எப்போது விடுகிறார்கள் என்ற வழக்கமே மாற வேண்டும். அது சென்னையில் முடிவாகும் விஷயம்.

எழுதும் முன் இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் வாய்க்காலை வெட்டிவிட்டால் அந்தத் தண்ணீர் எங்கே போய் விழும்? கீழே உள்ள ஊரிலா, காலனித் தெருவிலா? அங்கே இருப்பவர்களிடம் பேசாமல் தயாரிக்கும் கோரிக்கை நியாயமானதல்ல. நடைமுறையிலும் அது நிற்காது, அவர்கள் எதிர் மனு கொடுப்பார்கள். அவர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரே கோரிக்கையாகக் கொடுங்கள்.

படி 2: அது யாருடையது?

பாதி மனுக்கள் தவறான வாசலில் கிடந்தே செத்துப்போகின்றன. தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்கு மேல், அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரிகள் பொதுவாக நீர்வளத் துறையிடம் இருக்கும். அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடம். வீராணம், பெருமாள் ஏரி எல்லாம் நீர்வளத் துறை. உங்கள் ஊர்க் குட்டைக்கு பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ்தான் வாசல். நீர்வளத் துறை 2021-ல்தான் பொதுப்பணித் துறையிலிருந்து தனியாகப் பிரிந்தது. இன்னும் பலர் பழைய பெயருக்கே மனு எழுதுகிறார்கள்.

வாய்க்கால் இருந்த இடத்தில் இப்போது வீடோ தோப்போ இருந்தால், கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டில் (ஊர் நிலங்களின் பதிவேடு) அந்தப் புல எண் எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். "வாய்க்கால் புறம்போக்கு" என்று இருந்தால் வருவாய்த் துறையும் உள்ளே வருகிறது.

படி 3: காகிதம் சேருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். என் கணிப்பில் முக்கால் வேலை இங்கேதான்.

பட்ஜெட்டுக்குப் பிறகு சட்டமன்றத்தில் துறை துறையாக மானியக் கோரிக்கை விவாதம், அதாவது அந்தத் துறைக்கு நிதி ஒதுக்குவது பற்றிய விவாதம், நடக்கும். அப்போது ஒவ்வொரு துறையும் ஒரு கொள்கை விளக்கக் குறிப்பை வெளியிடும். தமிழிலேயே, அரசு இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். நீர்வளத் துறையின் குறிப்பை இறக்கி, கடலூர் என்று தேடிப் பாருங்கள். எந்தப் பணி அறிவிக்கப்பட்டிருக்கிறது, எது நடந்துகொண்டிருக்கிறது என்பதெல்லாம் அரசே எழுதி வைத்திருக்கும். அரசின் வார்த்தையை அரசிடமே எடுத்துக் காட்டுவதுபோல் பலமான வாதம் வேறில்லை.

அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் சரிப்படாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும், சரியான இடத்துக்கு 5 நாளில் மாற்றிவிட வேண்டும் என்று பிரிவு 6(3) சொல்கிறது.

கேட்கும் விதம் முக்கியம். "ஏன் தூர் வாரவில்லை?" என்று கேட்டால் "கேள்விகளுக்குப் பதில் தர இயலாது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: "2021 முதல் இன்று வரை மேற்படி வாய்க்காலில் செய்த பணிகளின் மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகம் ஆகியவற்றின் நகல்." நகல் என்றால் கொடுத்தாக வேண்டும். பணி ஆணையின் தேதியைப் பாருங்கள். அது நவம்பரில் இருந்தால் உங்கள் வாதம் அங்கேயே தயார்.

படி 4: கிராம சபை

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருஷத்துக்கு ஆறு நாள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் நம் கற்பனை ஊருக்கு அது நல்ல நாள். நம் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருந்தாலும் கிராம சபை நடக்கும், தீர்மானம் போடலாம்.

குறைந்தபட்ச வருகை என்று ஒன்று உண்டு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. நூறுநாள் வேலைக்குப் போகும் பெண்களிடம் முன்கூட்டியே பேசுங்கள். கூட்டத்துக்கு ஒழுங்காக வருகிறவர்கள் அவர்கள்தான். ஆனால் அவர்களைக் கணக்குக்கு உட்காரவைத்துவிட்டு ஆண்கள் மட்டும் மைக் பிடிக்கும் பழக்கம் பல ஊரில் இருக்கிறது. தண்ணீர் நின்றால் முதலில் சமையலறை நனைகிறது, அதைச் சொல்ல வேண்டியவர்கள் பேசட்டும்.

தீர்மானத்தை வீட்டிலேயே எழுதி எடுத்துப்போங்கள். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். அப்புறம் நகல் கேட்டு வாங்குங்கள். கிராம சபைத் தீர்மானம் மாநில அரசைக் கட்டாயப்படுத்தாது என்பது உண்மை. ஆனாலும் "நான் கேட்கிறேன்" என்பதை "ஊர் கேட்கிறது" என்று அது மாற்றிவிடும்.

கடலூர் நகரத்துக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். 2021-ல் கடலூர் மாநகராட்சி ஆனது, வார்டுகளுக்குக் கிராம சபைபோலப் பகுதி சபை உண்டு.

படி 5: திங்கட்கிழமை மனு

கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மனு எண்ணுடன் ஒப்புகை வாங்காமல் கிளம்பாதீர்கள். விவசாயிகளுக்கு மாதாந்திரக் குறைதீர் கூட்டம் தனியாக இருக்கிறது. பாசனப் பிரச்சினைக்கு அதுவே மேல், ஏனென்றால் நீர்வளத் துறைப் பொறியாளர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். வீட்டிலிருந்தே என்றால் முதலமைச்சரின் உதவி மையத்துக்கு 1100-ல் பேசலாம்.

படி 6: எம்.எல்.ஏ.வைப் பயன்படுத்துங்கள்

நம் மாவட்டத்தில் ஒன்பது தொகுதி: திட்டக்குடி, விருத்தாசலம், நெய்வேலி, பண்ருட்டி, கடலூர், குறிஞ்சிப்பாடி, புவனகிரி, சிதம்பரம், காட்டுமன்னார்கோயில். எம்.எல்.ஏ. என்றால் கல்யாணத்துக்கு வருகிறவர், தொகுதி நிதியில் நிழற்குடை கட்டுகிறவர் என்றே பழகிவிட்டோம். அவருடைய உண்மையான ஆயுதங்கள் வேறு. கேள்வி நேரத்தில் அமைச்சரைக் கேட்கலாம், கவன ஈர்ப்புத் தீர்மானம் கொண்டுவரலாம், மானியக் கோரிக்கையில் வெட்டுத் தீர்மானம் (கேட்ட நிதியைக் குறைக்கச் சொல்லும் தீர்மானம்) கொடுக்கலாம், அன்றைய விவாதத்தில் உங்கள் வாய்க்காலின் பெயரைச் சொல்லலாம். பேசியது அவைக் குறிப்பில் ஏறும்.

அதனால் போகும் நேரம் முக்கியம். பட்ஜெட்டுக்கு ஒரு மாதம் முன்னால் போங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். மேலே கோரிக்கை, நடுவில் கிராம சபைத் தீர்மானம், கீழே பணி ஆணைத் தேதிகள். "இந்தக் கேள்வியைக் கேளுங்கள் ஐயா" என்று கேள்வியையே எழுதிக் கொடுத்துவிடுங்கள். எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. என்றால் தயங்க வேண்டாம், கேள்வி கேட்க அவர்களுக்குத்தான் ஆசை அதிகம்.

படி 7: மனுக்கள் குழு

பலருக்குத் தெரியாத வாசல் இது. சட்டமன்றப் பேரவைக்கு மனுக்கள் குழு என்று ஒன்று இருக்கிறது. அது மாவட்டம் மாவட்டமாக ஆய்வுக்கு வரும், வருவதற்கு முன் மனு கேட்டுச் செய்தி வெளியாகும். நீண்ட நாளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. பட்டா, முதியோர் ஓய்வூதியம், வேலைவாய்ப்பு, நீதிமன்றத்தில் உள்ள வழக்கு எல்லாம் எடுக்க மாட்டார்கள். முதல் படியில் குறையையும் கொள்கையையும் பிரித்தது இங்கேதான் கைகொடுக்கும்.

தொழிற்சாலை, சுரங்கம் என்றால்

பாதை கொஞ்சம் மாறும். சுற்றுச்சூழல் அனுமதி வேண்டிய பல திட்டங்களுக்கு 2006 அறிவிக்கைப்படி பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு, தமிழில் சுருக்க அறிக்கை. கூச்சல் போட்டால் நடவடிக்கைக் குறிப்பில் ஒரு வரிகூட ஏறாது. எழுதிக் கொடுத்தால் ஏறும். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை ஓரத்து ஊர்க்காரர்கள் 2004-ல் வாளியில் செய்த எளிய கருவியால் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். "நாற்றம் அடிக்கிறது" என்ற புகார் அப்போதுதான் ரசாயனங்களின் பெயர்ப்பட்டியல் ஆனது.

2023-ல் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள நிலக்கரிப் பகுதி மத்திய அரசின் ஏலப் பட்டியலில் வந்தபோது விவசாயிகள் எதிர்த்தார்கள், சட்டமன்றத்தில் கவன ஈர்ப்பு வந்தது, முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், ஏப்ரலிலேயே ஏலத்திலிருந்து நீக்கினார்கள். எதிர்ப்பு மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான். காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஐந்து ஒன்றியங்களைச் சேர்த்து 2020-ல் இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் கையில் இருந்தது; விளைநிலத்தைக் கெடுக்கும் சில தொழில்களைத் தடுக்கும் சட்டம் அது.

பெண்ணையாற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு

புதுச்சேரியில் தகவல் உரிமையும் எம்.எல்.ஏ. வழியும் பொருந்தும், இரண்டாம் மேல்முறையீடு மட்டும் மத்தியத் தகவல் ஆணையத்துக்குப் போகும். ஆனால் உள்ளாட்சித் தேர்தல் 2006-க்குப் பிறகு பல வருஷம் நடக்கவில்லை. அதனால் நான்காம் படியில் அங்கே வலு குறைவு, எம்.எல்.ஏ.விடம் நேராகப் போவதே வழக்கம். தேர்ந்தெடுத்த 30 பேரும் நியமன உறுப்பினர் 3 பேரும் உள்ள சிறிய அவை அது. பாகூரில் இருப்பவர் தன் எம்.எல்.ஏ.வைப் பிடிப்பது நம்மைவிடச் சுலபம். துணைநிலை ஆளுநர் அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்பிவிடுங்கள். பல கோப்புகள் அங்கேயும் போய்த்தான் வரும்.