பாடத்தைத் திறப்பதற்கு முன் கேள்வியைத் திற

வேலை, குடும்பம் எல்லாவற்றுக்கும் நடுவே தொலைதூரக் கல்வியில் சேர்ந்திருப்பவர்கள், புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பிக்காமல், அந்தப் பாடத்துக்கான அசைன்மென்ட் கேள்விகளையும் பழைய வினாத்தாளையும் எடுத்து, தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதிப் பாருங்கள். அப்புறம் பாடத்துக்குப் போங்கள்.

பதில் தப்பாக இருந்தால் பரவாயில்லை, தப்பாக எழுதினாலும் பலன் உண்டு. கேள்வியோடு ஒருமுறை முட்டி மோதிய மூளை, படிக்கும்போது அதற்கான விடையைத் தானாகவே தேடும். வெறுமனே படித்தவர்களைவிட, முதலில் முயன்று தப்புவிட்டுப் பிறகு படித்தவர்களுக்கு நன்றாக நினைவிருந்ததாக 2009-இல் வெளியான ஒரு உளவியல் ஆய்விலும் வந்திருக்கிறது. இன்னொரு லாபம், எந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும், எதை மேலோட்டமாகப் பார்த்தால் போதும் என்பது முன்பே தெரிந்துவிடும். ராத்திரி கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் அதுதானே முக்கியம். பல வருஷம் வேலை பார்த்த அனுபவம் இருப்பவர்களுக்குச் சில கேள்விகளுக்குப் பதில் ஏற்கெனவே பாதி தெரிந்தும் இருக்கும்.

கணக்கு, கணக்குப்பதிவியல், புரோகிராமிங் மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிப் போகிற பாடங்களுக்கு இது மட்டும் போதாது, அங்கே அடிப்படையை வரிசையாகப் படித்தே ஆக வேண்டும். பாடத்திட்டம் சமீபத்தில் மாறியிருந்தால் பழைய வினாத்தாளை விட்டுவிட்டு, புதுப் புத்தகத்தில் அலகின் கடைசியில் உள்ள கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.