கார்பன் நானோகுழாய்: ஒற்றைக் குழாயின் எண்ணைப் பொடிக்குப் போடாதீர்கள்

கார்பன் அணுக்களாலான மிக நுண்ணிய குழாயான கார்பன் நானோகுழாயை ஒரே பொருளாக எண்ணிக்கொள்வதில்தான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது. "எஃகைவிட வலிமை, நல்ல மின்கடத்தி" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். எத்தனை சுவர், எந்தக் கோணத்தில் சுருண்டது என்று கேட்காமல் அப்படிச் சொல்லவே முடியாது.

குழாயின் சுவர் என்பது சுருண்ட கிராஃபீன், அதாவது ஓர் அணு தடிமனே உள்ள கார்பன் தாள். அது சுருண்டிருக்கும் விதத்தை இரண்டு எண்களால் குறிப்பார்கள். (10,10), (11,9) என்ற இரண்டு குழாய்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் விட்டம் ஏறக்குறைய 1.36 நானோமீட்டர். ஆனால் முதலாவது உலோகம்போல் மின்சாரத்தைக் கடத்தும், இரண்டாவது குறைகடத்தி! எண்களின் வித்தியாசம் 3-ஆல் வகுபட்டால் உலோக வகை, வகுபடாவிட்டால் குறைகடத்தி என்பதுதான் பொதுவிதி. தரம் பிரிக்காத ஒற்றைச்சுவர் மாதிரியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு உலோக வகையாக இருக்கும். அதைக் கொண்டு டிரான்சிஸ்டர் செய்தால் அணைத்த பிறகும் மின்னோட்டம் கசியும். ஆகவே விட்டத்தை மட்டும் அளந்துவிட்டு வகையைத் தீர்மானிக்காதீர்கள்.

வலிமையிலும் இதே கதைதான். 2000-இல் பல்சுவர்க் குழாய்களைத் தனித்தனியாக இழுத்துப் பார்த்தபோது வெளிச்சுவரின் வலிமை 11 முதல் 63 கிகாபாஸ்கல் வரை இருந்தது. பிசினில் கலந்த பொடிக்கு இந்த எண் பொருந்தாது. குழாய்கள் திரண்டு கட்டியாகிவிடும், பிசினோடு பிடிப்பும் குறைவு, இழுத்தால் வழுக்கி வெளியே வந்துவிடும்.

சரி, தயாரிப்புக்கு வருவோம். வேதி ஆவிப்படிவு முறையில் (கார்பன் உள்ள வாயுவைச் சூட்டில் சிதைத்துக் குழாயை வளர்ப்பது) குழாயின் விட்டம் பெரும்பாலும் இரும்பு, கோபால்ட், நிக்கல் போன்ற வினையூக்கித் துகளின் அளவைப் பொறுத்தது. வாயுவை அதிகம் விட்டால் விளைச்சல் கூடும் என்று நினைப்பது தவறு. துகளின் மேல் ஒழுங்கற்ற கார்பன் படிந்து, வளர்ச்சியே நின்றுவிடும். வெளியே வரும் கரி எல்லாம் நானோகுழாயும் அல்ல. ஒளிச் சிதறலை வைத்துக் கார்பனின் அமைப்பைக் காட்டும் ராமன் நிறமாலையும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படமும் இல்லாமல் முடிவு சொல்லாதீர்கள். சுத்தம் செய்கிறேன் என்று நைட்ரிக் அமிலத்தில் நெடுநேரம் கொதிக்க வைப்பதும், மீயொலியில் மணிக்கணக்காக விடுவதும் சுவரைச் சிதைத்துக் குழாயை வெட்டிவிடும். பிறகு வலிமையும் கடத்தலும் எங்கே இருக்கும்?

எனக்கு அதிகம் கவலை தருவது உலர்ந்த பொடியைத் திறந்த மேசையில் கையாள்வது. நீளமான, விறைப்பான பல்சுவர்க் குழாய்கள் ஆஸ்பெஸ்டாஸ் இழைபோல் நடந்துகொள்வதை எலிச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. பல்சுவர்க் குழாய்களில் ஒரு வகையை 2014-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை '2பி' பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில், சேர்த்தது. புகைபோக்கிக் கூண்டுக்குள் எடை போடுங்கள், கூடிய சீக்கிரம் திரவத்தில் கலந்துவிடுங்கள். சிந்தியதை ஈரத்துணியால் துடையுங்கள், உலர்ந்தபடி பெருக்கவே வேண்டாம்.