விக்கிப்பீடியாவில் உங்கள் பத்தியைத் தூக்கிவிட்டார்களா? திரும்பப் போடும் முன் இதைப் படியுங்கள்

தட்டச்சுப் பொறிகள் பற்றிய ஓர் ஆங்கில விக்கிக் கட்டுரையில் நான் சேர்த்த பத்தி அரை மணி நேரத்தில் காணாமல் போனது. திரும்பப் போட்டேன், மறுபடி போனது. நானும் விடவில்லை. நான்காவது தடவை போட்டதும் என் கணக்குக்கு ஒரு நாள் தடை விழுந்தது. அந்த ஒரு நாளில்தான் விதிகளை முழுதாகப் படித்தேன். தப்பு என் பக்கம்தான் என்பது படித்து முடித்தபோது தெரிந்தது.

கணக்கு தொடங்குவது, மேற்கோள் சேர்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தை 24 மணி நேரத்துக்குள் 3 தடவைக்கு மேல் மீளமைக்கக் கூடாது, அதாவது மற்றவர் செய்த மாற்றத்தைத் திருப்பிப் போடக் கூடாது. வேறு வேறு பத்திகளை மீளமைத்தாலும் கணக்கில் சேரும். மூன்று வரைக்கும் நமக்கு உரிமை உண்டு என்று எண்ணிவிடாதீர்கள். வம்புக்கு நிற்கிறார் என்று தோன்றினால் அதற்கு முன்பே தடுப்பார்கள். கணக்கிலிருந்து வெளியேறி வேறு பெயரில் வந்து போடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அதற்குக் கைப்பாவைக் கணக்கு என்று பெயர். மாட்டினால் ஒரு நாளோடு போகாது.

படி 2: ஏன் நீக்கினார்கள் என்று பாருங்கள்

கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் தொகுப்புச் சுருக்கம், அதாவது மாற்றியவர் எழுதிய ஒரு வரிக் காரணம், இருக்கும். 'பதிப்புரிமை' என்று இருந்தால் வாதாடவே வேண்டாம், சொந்த நடையில் எழுதுங்கள். உயிரோடு இருக்கும் ஒருவரைப் பற்றிச் சான்றில்லாமல் குற்றச்சாட்டு எழுதியிருந்தால் உடனே நீக்குவார்கள், நீக்கவும் வேண்டும். 2005ல் ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் கென்னடி கொலையில் சந்தேகிக்கப்பட்டவர் என்று யாரோ விளையாட்டாக எழுதிவைத்த பொய் 4 மாதங்களுக்கு மேல் அப்படியே கிடந்தது. இந்த விஷயத்தில் இப்போது அவ்வளவு கறாராக இருப்பதற்கு அந்தச் சம்பவம் ஒரு முக்கியக் காரணம்.

எனக்கு வந்த காரணம் 'நம்பகமற்ற சான்று'. இங்கேதான் நான் குப்புற விழுந்தேன்.

படி 3: சான்றின் வேரைத் தோண்டுங்கள்

என் சான்று ஒரு புத்தகம். நல்ல அட்டை, ஐஎஸ்பிஎன் எண், விலை எல்லாம் இருந்தது. அச்சில் வந்த நூலை நம்பகமற்றது என்கிறாரே, இவருக்கென்ன தெரியும் என்றுதான் கொதித்தேன். அந்தப் புத்தகமே விக்கிப்பீடியாக் கட்டுரைகளை அள்ளி அச்சடித்தது! விக்கியில் யாரோ சான்றில்லாமல் எழுதிய வரி புத்தகத்துக்குப் போய், என் வழியாகத் 'தகுந்த சான்றோடு' விக்கிக்கே திரும்பி வந்திருக்கிறது. விக்கியின் உரிமம் அனுமதிப்பதால் இப்படி அச்சடிப்பது சட்டப்படி தவறில்லை. ஐஎஸ்பிஎன் யார் வேண்டுமானாலும் வாங்கலாம், அது தரச் சான்றிதழ் அல்ல.

நான் மட்டும் ஏமாறவில்லை. 2008ல் ஒரு மாணவர் கோவாட்டி என்ற விலங்கின் கட்டுரையில் அதற்குப் 'பிரேசிலிய ஆர்ட்வார்க்' என்றும் பெயர் உண்டு என்று வேடிக்கைக்காகச் சேர்த்தார். செய்தித்தாள்கள் அதை எடுத்து எழுதின. பிறகு அந்தச் செய்திகளே கட்டுரைக்குச் சான்றாகின.

கண்டுபிடிக்கும் வழி:

1. உங்கள் சான்றில் சற்று வித்தியாசமான ஒரு வாக்கியத்தை எடுத்து, மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள்.
2. அதே வாக்கியம் விக்கியில் கிடைத்தால், அது எப்போது நுழைந்தது என்று விக்கிபிளேம் கருவியில் பாருங்கள்.
3. நுழைந்த தேதி சான்று வெளியான தேதிக்கு முந்தியது என்றால் அந்தச் சான்றைக் கைவிடுங்கள்.

வரலாற்றுப் பக்கத்தை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பொறுமை அதிகம். எனக்கு விக்கிபிளேம்தான். ஒரு குறை உண்டு. வழக்கமான தேடல் முறை வரலாற்றைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டு போகும். வரியை இடையில் நீக்கித் திரும்பச் சேர்த்திருந்தால் பிந்தைய தேதியைக் காட்டிவிடும். சந்தேகம் வந்தால் வரிசைத் தேடலுக்கு மாற்றுங்கள். மெதுவாக ஓடும், ஓடட்டும்.

படி 4: எந்த வரிக்கு எந்தச் சான்று?

சில ஊடகங்களைப் பொதுவாகவே ஒதுக்கிவிடுவார்கள். பிரிட்டனின் டெய்லி மெயிலைச் சான்றாகக் காட்டுவதைப் பொதுவாகத் தவிர்க்க வேண்டும் என்று 2017ல் ஆங்கில விக்கிப்பீடியா முடிவு செய்தது. மற்றபடி, எந்தச் சான்றும் எல்லாவற்றுக்கும் போதாது. ஒரு நிறுவனத்தின் தளம் அது தொடங்கிய ஆண்டுக்குப் போதும், 'முன்னணி நிறுவனம்' என்பதற்குப் போதாது.

'என்னைப் பற்றி நானே சொல்வதைவிட வேறு சான்று வேண்டுமா?' என்று கேட்பவர்கள் அமெரிக்க நாவலாசிரியர் பிலிப் ராத் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். தன் நாவலுக்குத் தூண்டுதலாக இருந்தவர் யார் என்பதைத் திருத்த முயன்றபோது, எழுதியவரே சொன்னாலும் இரண்டாம் நிலைச் சான்று (பிறர் எழுதி வெளியிட்டது) வேண்டும் என்று பதில் வந்தது. 2012ல் நியூயார்க்கர் இதழின் தளத்தில் திறந்த மடல் எழுதினார். அதன் பிறகு அந்த மடலையே சான்றாகக் காட்ட முடிந்தது. எனக்கு இது கொஞ்சம் அபத்தமாகத்தான் படுகிறது. ஆனால் ராத் என்று சொல்லிக்கொண்டு யாரோ வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

படி 5: பேச்சுப் பக்கத்தில் எழுதுங்கள்

நான் முதலில் எழுதியது: 'உண்மையை ஏன் மறைக்கிறீர்கள்?' பதிலே வரவில்லை. பிறகு எழுதியது ஏறக்குறைய இப்படி:

'வணக்கம். நீங்கள் நீக்கியது சரி, அந்த நூல் விக்கியின் நகல். இரண்டாவது வாக்கியத்துக்கு மட்டும் வேறொரு நூல் கிடைத்தது. பக்க எண்ணும் அதில் உள்ள வரியும் கீழே. சேர்க்கலாமா?'

இரண்டு மணி நேரத்தில் பதில் வந்தது. நிரூபிக்கும் பொறுப்பு சேர்ப்பவருடையது என்பதுதான் விதி. அதனால் 'பொய் என்று நீங்கள் காட்டுங்கள்' என்ற வாதம் எடுபடாது.

படி 6: இழுபறியானால்

ஆங்கில விக்கியில் மூன்றாவது ஒருவரின் கருத்தைக் கேட்கலாம், அல்லது பொதுவில் கருத்துக் கோரலாம். பொதுக் கருத்துக்கோரல் வழக்கமாக 30 நாள் ஓடும். தமிழ் விக்கியில் ஆலமரத்தடி என்ற பொது உரையாடல் பக்கத்தில் கேளுங்கள். வாட்சப் குழுவில் ஆள் திரட்டி வந்து 'நானும் ஆதரிக்கிறேன்' போடவைப்பது தலைகீழாகப் போகும். முழுக் கட்டுரையையே நீக்கும் உரையாடல் ஆங்கில விக்கியில் பொதுவாக 7 நாள். அங்கேயும் தலைகளை எண்ணுவதில்லை, காரணங்களைத்தான் பார்க்கிறார்கள்.

என் பத்தியில் ஒரே ஒரு வாக்கியம் இன்னும் கட்டுரையில் இருக்கிறது. மீதிக்குச் சான்று கிடைக்கவில்லை.

பிற்சேர்க்கை 1: சான்றின் இணைப்பு செத்துப்போனதால் நீக்கிவிட்டார்கள் என்று இருவர் எழுதியிருந்தார்கள். இணைப்பு செத்தது மட்டும் நீக்கக் காரணமாகாது. இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் பழைய நகலைத் தேடி, அந்த முகவரியையும் மேற்கோளில் சேருங்கள். இனி எதைச் சான்றாகக் கொடுத்தாலும் கொடுக்கும் அன்றே அங்கே சேமித்துவிடுங்கள்.

பிற்சேர்க்கை 2: இணையத்தில் இல்லாத நூலைக் காட்டலாமா? தாராளமாகக் காட்டலாம். பக்க எண் கொடுங்கள், கேட்டால் அந்த வரியைத் தட்டச்சு செய்து காட்டுங்கள்.

பிற்சேர்க்கை 3: தன்னைப் பற்றிய கட்டுரையில் பிழை இருப்பதாக ஒருவர் எழுதினார். கட்டுரையில் கை வைக்காதீர்கள். நீங்கள் யார் என்று சொல்லிவிட்டுப் பேச்சுப் பக்கத்தில் சான்றோடு கேளுங்கள். அவர் அப்படிக் கேட்டார், பிறந்த ஆண்டைத் திருத்திவிட்டார்கள். விருதுப் பட்டியலுக்கு மட்டும் இன்னும் சான்று கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம்.