வாசிப்புப் போட்டிக்குப் பிரதியும் பைண்டரும் தயாரிக்கும் முறை

நாடக வாசிப்பு, கவிதை வாசிப்பு போன்ற போட்டிகளுக்கு மாணவர்களை அழைத்து வருபவர்கள், குரலுக்கும் முகபாவத்துக்கும் வாரக்கணக்கில் பயிற்சி கொடுத்துவிட்டு, கையில் ஏந்த வேண்டிய தாள்களை மட்டும் முந்தைய நாள் மாலையில் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையில் அவசரமாக முடித்துக்கொள்கிறார்கள். புதுச்சேரியிலும் கடலூரிலும் மாணவர்களுக்குப் பிரதி தயாரித்துக் கொடுத்த அனுபவத்தில் நான் கண்டது, மேடையில் வரும் தடுமாற்றங்களில் பாதிக்குப் பக்கம் தவறான இடத்தில் முடிந்திருப்பதுதான் காரணம் என்பதே. ஆகவே அட்டையையும் பசையையும்விடப் பக்கத்தின் முடிவைப் பற்றியே இங்கு அதிகம் எழுதுகிறேன்.

வேலையைத் தொடங்கும் முன் போட்டி அறிவிப்பை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும். நம் பக்கத்துப் பேச்சுப் போட்டிகள் பலவற்றில் தாளைப் பார்த்துப் பேசக் கூடாது. அங்கே பைண்டர், அதாவது தாள்களை வளையத்தில் கோத்துப் பிடிக்கும் அட்டைக் கோப்பு, பயிற்சிக்கு மட்டுமே உதவும். அமெரிக்காவின் பள்ளிப் போட்டிகளிலோ, பிரதியைக் கையில் ஏந்தியே நிகழ்த்த வேண்டிய பிரிவுகள் உண்டு. 10 நிமிடமும் அதற்கு மேல் 30 வினாடிச் சலுகையும் என்பது அங்கே வழக்கமான கால வரம்பு. சிறிய கறுப்பு பைண்டர் ஏறத்தாழ ஒரு சீருடையாகவே ஆகிவிட்டது. அந்த பைண்டர் முறையின் நல்ல கூறுகளை நம் நாடக வாசிப்புக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்பதால் இக்குறிப்பு பெரும்பாலும் அதைப் பின்பற்றுகிறது.

பிரதியை யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கடைக் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் கண்ணுக்குத் தெரியும். யூனிகோடாகவே இருந்தாலும் கடைக்குப் பி.டி.எஃப். கோப்பாகக் கொண்டுபோவதே பாதுகாப்பு. இல்லையென்றால் எழுத்துரு மாறி வரிகள் நகர்ந்து, நீங்கள் பார்த்துப் பார்த்து அமைத்த பக்க முடிவுகள் எல்லாம் கலைந்துவிடும்.

தாளின் அளவுக்கு ஏ5 போதும். ஓர் ஏ4 தாளைக் குறுக்கே பாதியாக வெட்டினால் 148 மி.மீ. அகலமும் 210 மி.மீ. உயரமும் கொண்ட இரண்டு பக்கங்கள் கிடைக்கும். ஏ4 பைண்டரைப் பத்து நிமிடம் ஒரு கையில் தாங்கும்போது எட்டாம் வகுப்புப் பிள்ளையின் மணிக்கட்டு தளர்ந்து, பைண்டர் மெல்ல மேலேறி முகத்தை மறைத்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எழுத்தின் அளவு 15 அல்லது 16 புள்ளியும் வரி இடைவெளி ஒன்றரையும் இருக்கட்டும். ஓட்டை விழும் ஓரத்தில் 25 மி.மீ. வெற்றிடம் விடுங்கள். வரிகளை இடப்பக்கம் மட்டும் சீராக வையுங்கள். இருபுறமும் சீராக்கினால், நீண்ட தமிழ்ச் சொற்களுக்கு நடுவே ஆங்காங்கே ஓட்டையான இடைவெளி விழுந்து, பார்வையை உயர்த்திவிட்டுத் திரும்பும் கண் வரியைத் தவறவிடும்.

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். பக்கம் எங்கே முடிய வேண்டும் என்பதைக் கணினியின் முடிவுக்கு விடக் கூடாது. தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது; எதிர்மறையும் அந்த வினையோடு சேர்ந்து கடைசியில்தான் வருகிறது. “அந்தக் கடிதத்தைப் படித்த பிறகும் உன்னை வெறுக்க” என்று ஒரு பக்கம் முடிந்து, “முடியவில்லை” என்பது அடுத்த பக்கத்தில் இருந்தால், தாளைத் திருப்பும் அரை வினாடியில் கேட்பவர் நேர்மாறான பொருளை ஊகித்துவிடுவார். வாசிப்பவரும் குரலை எங்கே இறக்குவது என்று தெரியாமல் நடுவானில் நிறுத்துவார். எனவே எந்த வாக்கியமும் இரண்டு பக்கங்களில் பிரிந்து கிடக்கக் கூடாது. இதற்காகப் பக்கத்தின் அடியில் ஐந்து வரி வெற்றிடம் விழுந்தாலும் விழட்டும்.

அதற்கும் ஒரு படி மேலே போய், மூச்சு முடியும் இடத்தில் பக்கத்தை முடிக்கலாம். முழுப் பகுதியையும் ஒருமுறை உரக்க வாசித்து, இயல்பாக நிற்கும் இடங்களிலெல்லாம் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோடுகளில் ஒன்றுதான் ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியாக வர வேண்டும். காட்சி மாறும் இடம், பேசுபவர் மாறும் இடம், செய்தியைக் கேட்டு ஒரு பாத்திரம் உறையும் இடம் ஆகியவை மிகவும் பொருத்தமானவை. அங்கே தாள் புரள்வதையே நடிப்பின் ஒரு பகுதியாக்கிவிடலாம். இப்படி அமைத்த பிரதியில் ஒரு பக்கத்தில் பன்னிரண்டு வரியும் அடுத்ததில் ஏழு வரியுமாக இருக்கும். பார்வைக்கு அழகில்லை என்று பெற்றோர் சிலர் குறைபட்டுக்கொள்வதுண்டு; அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

அச்சடிக்கும் முன் இன்னும் இரண்டு திருத்தங்கள் செய்யுங்கள். ஆண்டுகளையும் எண்களையும் எழுத்தால் எழுதிவிட வேண்டும். 1908 என்ற எண்ணை மேடையில் கண்டு “ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு” என்று சொல்லத் திணறியவர்களை நான் அறிவேன். பழைய கவிதையாக இருந்தால் புணர்ச்சியைப் பிரித்து அச்சிட்டுக்கொண்டு, சேர்த்து ஒலிக்க வேண்டிய இடத்தில் கீழே ஒரு வளைவுக் கோடு இடுங்கள். நடுவர்களுக்குக் கொடுக்கும் படியில் மட்டும் மூல வடிவம் அப்படியே இருக்க வேண்டும்.

குறியீடுகளைப் பென்சிலால் போடுவதே நல்லது. சிறு நிறுத்தத்துக்கு ஒரு சாய்கோடு, பெரிய நிறுத்தத்துக்கு இரண்டு, அழுத்தத்துக்கு அடிக்கோடு, ல-ள-ழ தடுமாறும் சொல்லின் தலைக்கு மேல் ஒரு புள்ளி என்ற நான்கு போதும். வண்ண ஹைலைட்டரால் பக்கம் முழுவதையும் பூசி, கோலப்பொடி கொட்டியது போல ஆக்கிவிடுபவர்கள் உண்டு. மேடையில் சிவப்பு விளக்கு விழுந்தால் சிவப்பு மையால் எழுதிய குறிப்பு வெள்ளைத் தாளில் அநேகமாக மறைந்துவிடும் என்பதை அவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

அச்சான பக்கங்களைக் கறுப்பு சார்ட் அட்டையில் முன்னும் பின்னுமாக ஒட்டிக்கொண்டால், பைண்டரை விரிக்கும்போது இரு பக்கங்கள் ஒருசேரத் தெரியும். புரட்டும் எண்ணிக்கை பாதியாகக் குறையும். ஒட்டுவதற்குப் பசைக் குச்சியே ஏற்றது. ஃபெவிகால் தாளை நனைத்துச் சுருக்கிவிடும். நம் கடலோரக் காற்றின் ஈரத்தில் அது காய்வதற்கும் நேரம் பிடிக்கும். ஒட்டிய பிறகு ஓரிரவு கனமான புத்தகங்களுக்கு அடியில் வையுங்கள். அரவிந்தர் ஆசிரமத்தாரின் கைவினைக் காகிதம் புதுச்சேரியில் கிடைக்கிறது என்பதற்காக அதிலேயே அச்சிட ஆசைப்பட வேண்டாம். அதன் சொரசொரப்பில் லேசர் அச்சு சீராகப் பிடிக்காது. மேலட்டைக்கு அதைப் பயன்படுத்தினால் அழகாக இருக்கும்.

பளபளக்கும் பிளாஸ்டிக் உறைகளும் லேமினேஷனும் எனக்கு உடன்பாடில்லை. விளக்கொளி அவற்றில் பட்டுத் தெறிக்கும்; ஒலிவாங்கிக்கு அருகே சலசலக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் உறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் செய்யும். இப்படி இரண்டு உறைகள் சேர்ந்து புரண்டதால், என் மாணவி ஒருத்தியின் வாசிப்பில் தகப்பன் இறக்கும் காட்சியே இல்லாமல் போய், அடுத்த வரியில் நேராகப் பதினாறாம் நாள் காரியம் வந்து நின்றது. நடுவர்கள் சிரிக்கவில்லை, அவள்தான் வீடு வரும் வரை சிரித்துக்கொண்டே அழுதாள். உறை வேண்டியே தீரும் என்றால் மங்கலான வகையை வாங்கி, ஒவ்வொரு பக்கத்தின் வலது கீழ்மூலையையும் முந்தையதைவிடச் சற்றுக் குறைவாக வெட்டுங்கள். விரல் ஒரு நேரத்தில் ஒரு தாளை மட்டுமே பிடிக்கும்.

ஏ5 அளவு ரிங் ஃபைலை புதுச்சேரி நேரு வீதியிலோ கடலூர் மஞ்சக்குப்பத்திலோ உள்ள ஸ்டேஷனரி கடைகளில் தேடலாம். அகப்படாவிட்டால் புத்தகம் பைண்டிங் செய்பவரிடம் கொடுத்து, கறுப்புக் காலிகோத் துணி ஒட்டிய இரண்டு அட்டைகளுக்கு நடுவே ரிங் பொருத்தித் தரச் சொல்லுங்கள். இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே 80 மி.மீ. தூரம் என்பது பஞ்சிங் மெஷினின் வழக்கமான அளவு; தாளின் நடுப்புள்ளியைக் குறித்துக்கொண்டு துளையிட்டால் பக்கங்கள் ஏறுமாறாக நிற்காது. ஸ்பைரல் பைண்டிங் மலிவுதான், ஆனால் கடைசி நேரத்தில் ஒரு பக்கத்தை மாற்ற வழியில்லை. மேலட்டையில் படமோ பள்ளியின் பெயரோ வேண்டாம். பல போட்டிகளில் போட்டியாளரின் எண்ணை மட்டுமே அறிவிக்கிறார்கள்.

பலர் சேர்ந்து வாசிக்கும் நாடகமானால் அனைவருடைய பிரதியிலும் பக்க எண்கள் ஒன்றாகவே இருக்க வேண்டும். அவரவர் தம் வசனத்தையும் அதற்கு முந்தைய வரியின் கடைசிச் சொற்களையும் குறித்துக்கொண்டால் போதும். ஒலிவாங்கி முன் ஒலி நாடகம் வாசிப்பவர்கள் தாளைப் புரட்டாமல், தனித் தாள்களாக வைத்துக்கொண்டு முடிந்ததை ஓசையின்றிப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும்.

புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் சமாதி கொண்டிருக்கும் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்து நாடகக் கம்பெனிச் சிறுவர்கள் பாடத்தை நெட்டுருப் போட்டே மேடையேறினார்கள். கையில் பைண்டர் இருந்தாலும் ஒவ்வொரு பக்கத்தின் கடைசி இரண்டு வரியும் அடுத்த பக்கத்தின் முதல் வரியுமாவது அப்படி நெட்டுருவாகியிருக்க வேண்டும். கண் பார்வையாளரிடம் இருக்கும்போதே கை தாளைத் திருப்பிவிடலாம். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காந்தி திடல் போன்ற திறந்தவெளி மேடையானால் ஒவ்வொரு பக்கத்தையும் பிடிக்கச் சிறு கிளிப் இரண்டு எடுத்துப்போங்கள். பைண்டரில் உள்ளதைப் போன்றே பக்கம் பிரித்த இன்னொரு படி, துணைக்கு வருபவரின் பையில் இருக்கட்டும்.