பாங்கில காசு இருக்கும், பெட்டகம் திறக்க ஆள் இருக்காது: அடுத்த தொற்று வாறதுக்கு முதல் கிளையில செய்து வைக்க வேண்டியது

கொரோனா முடிஞ்சுது எண்டு எல்லாரும் மறந்திட்டினம், ஆனா 2024 டிசம்பரில எலிக்காய்ச்சல் எங்கட பக்கம் வந்தபோது ஒரு புது ஸ்ராஃப் பிள்ளை என்னட்ட "அண்ணை, இப்ப என்ன செய்யிறது, ஏதாவது பேப்பர் இருக்கோ" எண்டு கேட்டுது. எலிக்காய்ச்சல் ஆளுக்கு ஆள் தொத்திற மாதிரி இல்லை, அதால அண்டைக்குத் தப்பினம். பேப்பர் எண்டா தலைமை அலுவலகம் அனுப்பின சுற்றறிக்கை ஒரு கட்டு இருக்கு, அதில நடைமுறை ஒண்டும் இல்லை. அதுதான் யாழ்ப்பாணத்துக் கிளையொண்டில அந்தக் கொரோனா ரெண்டு வருசமும் நிண்டு பட்டதை வைச்சு எழுதிறன்.

முதலாவது வேலை பெட்டகத் திறப்பு, அதுதான் சாவி. சனம் நினைக்கிறது பாங்கில காசு முடியிறதுதான் பெரிய பயம் எண்டு. 2020 மார்ச் 16 இல இருந்து மத்திய வங்கி சட்டரீதியான ஒதுக்கு விகிதத்தை, அதாவது வைப்புக் காசில பாங்குகள் மத்திய வங்கியிட்டக் கட்டாயம் போட்டு வைக்கவேண்டிய பங்கை, 5 இல இருந்து 4 வீதமாக் குறைச்சது, ஜூனில 2 ஆக்கினது, எண்டபடியா பாங்குகளின்ர கையில காசு கிடந்தது. எங்களுக்கு வந்த பிரச்சினை வேற. பெட்டகத்துக்கு ரெண்டு திறப்பு, ரெண்டு பேரிட்ட, ரெண்டு பேரும் சேர்ந்து நிண்டாத்தான் கதவு திறபடும். எங்கட ரெண்டு திறப்புக்காரரும் சாப்பாட்டு அறையில ஒரே மேசையில இருந்து புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டவை, பக்கத்தில இருந்த ஆளுக்கு ரெண்டு நாளால பொசிற்றிவ். பி.எச்.ஐ, அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து மூண்டு பேரையும் 14 நாள் வீட்டில இருக்கச் சொல்லிப்போட்டார். அடுத்த நாள் காலமை வெளியில வரிசை, உள்ளுக்க பெட்டகம் பூட்டினபடி. மாற்றுத் திறப்பு இன்னொரு கிளையில, அதை எடுக்க ரெண்டு கையெழுத்து, வாகனத்துக்கு ஊரடங்கு பாஸ், எல்லாம் முடிய மத்தியானம் ஒண்டரை.

அதால ஸ்ராஃபை ரெண்டு ரீமாப் பிரியுங்கோ, ஆனா தலையை எண்ணிப் பாதி பாதியாப் பிரிக்கிறதில பிரயோசனமில்லை. ஒவ்வொரு ரீமிலயும் ரெண்டு திறப்புக்காரர், பெரிய தொகையை சிஸ்ரத்தில அனுமதிக்கக்கூடிய அதிகாரி ஒருத்தர், ஏ.ரி.எம் க்கு காசு நிரப்பத் தெரிஞ்ச ரெண்டு பேர், நகை அடைவுப் பக்கம் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கோணும். இது சரிவராட்டி இப்பவே ஆளைப் பழக்குங்கோ, தொற்று வந்தாப் பிறகு பழக்க நேரம் கிடைக்காது. ஒரு கிழமை ஒரு ரீம், மற்றக் கிழமை மற்ற ரீம். திறப்பு கைமாறேக்க மட்டும் ரெண்டு ரீமிலயும் தேவையான ஆக்கள் மட்டும் வந்து, யன்னல் எல்லாம் திறந்து விட்டிட்டு, தள்ளி நிண்டு காசை எண்ணி, திறப்புப் பதிவேட்டில சைன் வைச்சிட்டுப் போகோணும், கதை பேச்சு ஒண்டும் வேண்டாம். சாப்பாடு அவரவர் இடத்தில. இதைச் சொன்னா மனேஜரைக் கல்நெஞ்சுக்காரன் எண்டுவினம், எண்டட்டும்.

அடுத்தது வரிசை. 2020 மார்ச் 20 பின்னேரம் 6 மணிக்கு ஊரடங்கு போட்டவங்கள், பிறகு கொழும்பு, கம்பஹா, களுத்துறை, புத்தளம், கண்டியோட சேத்து எங்கட மாவட்டத்தையும் ஆபத்து வலயம் எண்டு அறிவிச்சு ஏப்ரல் பாதி தாண்டியும் தொடர்ந்து பூட்டி வைச்சிருந்தவங்கள். இடையில பென்சன் நாள் வந்திட்டுது. எங்கட பென்சன்காரரில கனபேருக்கு கார்ட் இல்லை, இருந்தாலும் மகன் கனடாவில, பின் நம்பர் அவனுக்குத்தான் தெரியும். நிலத்தில வட்டம் கீறினா காணாது, பங்குனி வெயிலில ஒரு மணித்தியாலம் எழுபது வயசு ஆள் வட்டத்துக்க நிக்குமோ? படங்கு கட்டுங்கோ, பிளாஸ்ரிக் கதிரையை இடைவெளி விட்டுப் போடுங்கோ, குடிக்கத் தண்ணி வையுங்கோ. வாசலில நல்லாக் கதைக்கத் தெரிஞ்ச ஒரு ஸ்ராஃபை விட்டு ஒவ்வொருத்தரையும் "என்ன அலுவல் அம்மா" எண்டு கேக்க விடுங்கோ, கனபேர் பாக்கிப் பாக்க வந்ததாத்தான் இருக்கும், போனில சொல்லி முடிச்சிருக்கலாம். 2020 மே 11 இல இருந்து அடையாள அட்டைக் கடைசி இலக்கப்படி வெளியில வாற முறை வந்தது, திங்கள் 1, 2, செவ்வாய் 3, 4 எண்டு, அதையே நீங்களும் உங்கட கிளைக்கு எடுக்கலாம், சனத்துக்கு விளங்கின முறை.

கவுண்டரில ஒரு சின்னச் சாமானைப் பற்றிச் சொல்லோணும். கஷியருக்கு முன்னால தாள் எண்ண ஈரம் தொடுற ஸ்பொஞ்ச் டப்பா இருக்குமே, நாலு பேர் விரல் வைக்கிற டப்பா, அதை முதல் நாளே எடுத்தெறியுங்கோ. பிறகு பாத்தா அது போன இடத்தில எங்கட கஷியர் தன்ர பாட்டில மாஸ்கை இறக்கி நாக்கில விரலைத் தொட்டுத் தாள் எண்ணுறார், இருபது வருசப் பழக்கம், அவருக்கே தெரியாது. கண்ணாடிக்கு வெளியில நிண்ட ஆச்சியும் சொப்பின் பைக்க இருந்து புத்தகத்தை எடுத்திட்டு அதே மாதிரி நாக்கைத் தொட்டுத்தான் காசை எண்ணினவ. எண்ணுற மெஷினைக் கவுண்டருக்குக் கொண்டு வந்து, அவவுக்குத் தெரியிற மாதிரி இலக்கத்தைத் திருப்பி வைச்சம், அதுக்குப் பிறகுதான் ரெண்டு பேரும் நிப்பாட்டினது.

ஏ.ரி.எம் இல 5000 தாளை மட்டும் நிரப்பாதேங்கோ. ஊரடங்கு நேரம் ஒழுங்கையால வாற மரக்கறி வானில மிச்சக் காசு குடுக்க ஆள் இல்லை, 5000 தாளைக் கொண்டுபோன சனம் கத்தரிக்காய் வாங்கேலாமல் திரும்பினது. ஆயிரமும் ஐந்நூறும் கூடப் போடுங்கோ. ஊரடங்கு வரப்போகுது எண்டு கதை அடிபட்டாலே சனம் அண்டைக்குப் பின்னேரம் மெஷினைத் துடைச்சுப்போடும், அதால மத்தியானமே நிரப்புங்கோ. காசு வாகனத்துக்கும் ஸ்ராஃபுக்கும் பாஸ் எடுக்க ஆர், எந்த ஒபிஸ், எந்த போன் எண்டு ஒரு தாளில எழுதி ஒட்டி வையுங்கோ. தீவுப் பக்கத்துக்கு நடமாடும் வான் அனுப்பிறதெண்டா கிராம சேவகரோட முதல் நாளே கதைச்சு இடமும் நேரமும் சொல்லுங்கோ.

அடைவு. இதை ஒரு ஆப்பாலயும் செய்யேலாது, நகை கைக்கு வரோணும், உரைகல்லில உரசோணும், நிறுக்கோணும். எங்கட சனத்துக்கு அவசரமெண்டா முதல் கழட்டிறது காப்புத்தான், கூலி வேலை நிண்ட வீடுகளில அது இன்னும் கூட. அதால அடைவுக் கவுண்டரை மூடாதேங்கோ, நேரம் குறிச்சுக் குடுத்து ஒருத்தரா உள்ளுக்க விடுங்கோ. தவணை முடியிற நகைகளின்ர லிஸ்ற்றை எடுத்து ஆக்களுக்கு நீங்களே போன் பண்ணிப் புதுப்பிக்கிறதைப் பற்றிக் கதையுங்கோ. வெளியில வரேலாத ஆளுக்கு ஏல நோட்டீஸ் போறது சரியில்லை, மேலிடத்தில சண்டை பிடிச்செண்டாலும் நிப்பாட்டுங்கோ.

கடன் சலுகை வந்தா விளங்கப்படுத்திறதுதான் பெரிய வேலை. 2020 இல பாதிக்கப்பட்ட தொழில்களுக்கும் ஓட்டோ லீசிங்குக்கும் 6 மாதம் தவணை தள்ளிக் குடுத்தது. சனம் அதை 6 மாதக் கட்டுக்காசு கழிஞ்சுது எண்டு விளங்கிக்கொண்டுது. ஒரு ஓட்டோக்காரத் தம்பி சலுகை முடிய வந்து, "நீங்கள் விட்டதெண்டுதானே சொன்னியள், இப்ப என்னெண்டு கூடினது" எண்டு நிண்டு கத்தினவன், கேக்க எனக்கும் வெக்கமாப் போச்சு, ஏனெண்டா ஃபோமில சைன் வாங்கினது நான், வட்டியைப் பற்றி ஒரு வார்த்தை நான் சொல்லேல்லை. தள்ளினா எவ்வளவு கூடும், கடைசித் தவணை எப்ப முடியும் எண்டு ரெண்டு கணக்கையும் தமிழில எழுதிக் கையில குடுத்திட்டுத்தான் சைன் வாங்கோணும்.

ஓ.ரி.பி, அதுதான் போனுக்கு வாற ஒருதரப் பாவிக்கிற இரகசிய இலக்கம், கேட்டு வாற கள்ள போன் இந்த நேரத்தில கூடும், வாசல் ஸ்ராஃப் வரிசையில நிக்கிற எல்லாருக்கும் சொல்லிக்கொண்டே இருக்கட்டும்.

ஸ்ராஃபில ஒருத்தருக்கு வந்தா கமராவைப் போட்டுப் பாத்து ஆரோட எவ்வளவு நேரம் நிண்டவர் எண்டு லிஸ்ற் எடுத்து பி.எச்.ஐ க்குக் குடுங்கோ, ஆளின்ர பேரை வட்ஸ்அப்பில ஓட விடாதேங்கோ. கிளையைப் பூட்டினா கதவில கிட்ட இருக்கிற கிளை எது, ஏ.ரி.எம் வேலை செய்யுதோ எண்டு பெரிசா எழுதி ஒட்டுங்கோ.

நாளைக்குப் போனவுடன திறப்புப் பதிவேட்டைத் திறந்து மாற்றுத் திறப்பு இப்ப எந்தக் கிளையில கிடக்கு, அதை எடுக்கக் கையெழுத்து வைக்கிற ரெண்டு பேரும் இன்னும் அந்தக் கிளையில நிக்கினமோ எண்டு பாருங்கோ. எங்கட பதிவேட்டில இருந்த ஒருத்தர் மாற்றலாகி வவுனியா போய் எட்டு மாசம்.